ஓகேவா, கேன்சலா?

ஓசூர் சிப்காட்டில் மோட்டார் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்து தரும் கம்பெனி ஒன்றில், தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தாள் மாதம்மாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரக் குடும்பத்துப் பெண். ஸ்பிரிங்கை எடுத்து நீளம் பார்ப்பாள், அழுத்திப் பார்ப்பாள். சரியாக இருந்தால் தாளில் டிக் போட்டுப் பச்சைத் தொட்டியில் வைப்பாள். கோளாறு இருந்தால் இன்டு போட்டுச் சிவப்புத் தொட்டியில் வீசுவாள். சில வருஷம் இதையே செய்ததில் அந்த இரண்டு குறிகளும் அவள் ரத்தத்தில் ஊறிவிட்டன. காய்கறிக் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்தால்கூட மனசுக்குள் ஒரு டிக் விழும். பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் போட்டோவுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் இன்டு போட்டுவிட்டாள் என்று கம்பெனி பஸ்ஸில் ஒரு பேச்சு உண்டு. அது தூக்கக் கலக்கம் இல்லை என்று அவள் யாரையும் திருத்தப் போகவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அந்தப் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் இனிமேல் கையால் எழுதிய தாளைப் பார்க்க மாட்டார்களாம். கம்ப்யூட்டரில் போட்ட சார்ட்தான் வேண்டுமாம். பிரிவின் மேனேஜர் நாராயணப்பன், வீட்டில் தெலுங்கும் வெளியில் மூன்று பாஷையும் பேசுகிறவர், மாதம்மாளைக் கூப்பிட்டார். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் என்று அவருக்குத் தெரியும். "ஏம்மா, இனிமேல் இது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். பெஞ்சில் நின்று கொண்டே வேலை செய்தவளுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. அவளைவிட சீனியர்கள் சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது தப்பு நடந்தால் மறுபடி பெஞ்சுதான் என்பது அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது.

வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருவதற்கு முதல் நாள் காலையில், கடைசி சார்ட்டைப் போட்டு முடித்து அவள் சேமிக்கப் போனபோது கம்ப்யூட்டர் மாட்டேன் என்றது. டிஸ்க் நிரம்பிவிட்டதாம். இடமில்லையாம்.

"இவ்ளோ பெரிய பொட்டிக்குள்ள இடமில்லீன்னா எப்பிடி?" என்றார் தீர்த்தகிரி. அவர் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், கல்லாவிக்காரர், யூனியன் கமிட்டியிலும் இருந்தார். எங்கே எந்த சுவிட்ச் பிரச்சினை என்றாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார்.

நாராயணப்பன் அசரவில்லை. நேரே வீட்டுக்குப் போய் ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டு வந்தார். அவர் வீட்டு மாடியில் திம்மப்பன் என்று ஒரு கன்னடக்காரர் குடியிருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் உத்தியோகம். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவார். ஓய்வு நேரத்தில், டிஸ்க்கில் சேரும் குப்பையைக் கூட்டித் தள்ள 'ஸ்வச்சா' என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதைத்தான் வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தார்.

"போடும்மா. நம்ம பையன் எழுதினது. ஒரு நொடியில எல்லாம் கிளீன்" என்றார் நாராயணப்பன். திம்மப்பனுக்கு அப்போதே முன்மண்டை வழுக்கை. ஆனாலும் குடியிருப்பவர் என்பதால் பையன்.

ஸ்வச்சா திறந்தது. மேலே ஒரு துடைப்பம் படம். கீழே டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்கள் எல்லாம் வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு சின்னக் கட்டம். மவுஸ் என்கிற எலியால் கட்டத்தைத் தட்டினால் அதில் டிக் விழுந்தது. மாதம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. இது அவளுக்குத் தெரிந்த வேலை. மூன்று மாதத்து சார்ட்டுகளுக்கு டிக். ஸ்பிரிங் வரைபடங்களுக்கு டிக். வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கைகளுக்கு டிக். சீட்டாட்டம் ஒன்று இருந்தது. அதற்கு டிக் கிடையாது. இரண்டாவது ஷிஃப்ட்காரர்கள் யாரோ ஏற்றி வைத்திருந்த சிவப்புக் கார் படத்துக்குக் கிடையாது. நல்லதெல்லாம் டிக் வாங்கிக்கொண்டு பாஸாகி நின்றது. திருப்தியோடு அடியில் இருந்த பட்டனை அமுக்கினாள்.

திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி குதித்தது. அதில் இங்கிலீஷில் இரண்டு வாக்கியங்கள். தேர்ந்தெடுத்த ஃபைல்கள் வைத்திருக்கப்பட மாட்டா. கேன்சல் செய்யவா? அதன் கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் 'ஓகே'. இன்னொன்றில் 'கேன்சல்'.

மாதம்மாள் படித்தாள். மறுபடி படித்தாள். தேர்ந்தெடுத்த ஃபைல்கள் என்றால் எவை? டிக் போட்டவையா? டிக் போட்டதைத் தூக்கிப் போடுகிற ஊர் எங்காவது உண்டா? எலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

தீர்த்தகிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். "கேன்சல் செய்யவான்னு கேக்குது. சரிதான். பஸ் டிக்கெட்டக் கேன்சல் பண்ணா என்னா ஆவும்? டிக்கெட் போயிரும். அதே மாதிரி இதுல கேன்சல் அமுக்குனா ஃபைல் போயிரும். நீ ஓகே அமுக்கு."

"ஓகே அமுக்குனா, 'ஓகே, கேன்சல் பண்ணிக்கோ'ன்னு ஆயிராதா?"

தீர்த்தகிரி மறுபடி திரையைப் படித்தார். "ஆமால்ல" என்றார்.

இங்கிலீஷ் விவகாரம் என்பதால் பர்சனல் ஆபீஸ் ஸ்டெனோ சரஸ்வதியைக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஜி.எம்.மின் கடிதங்களையே திருத்தி டைப் அடிப்பவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எதைக் கேன்சல் செய்யவான்னு கேக்கான்னு சொல்லவே இல்லையே. அழிக்கதைக் கேன்சல் செய்யவா, ஃபைலைக் கேன்சல் செய்யவா?"

"அதத்தான்க்கா நானும் கேக்கறேன்."

"அழிக்கதைன்னு வச்சுக்கோ. அப்ப ஓகேன்னா, அழிக்க வேண்டாம். கேன்சல்னா, கேன்சலைக் கேன்சல் செய், அதாவது அழி." சரஸ்வதி விரல் விட்டு எண்ணினாள். "ஃபைலைன்னு வச்சுக்கோ. அப்ப ஓகேன்னா அழி. கேன்சல்னா அழிக்காதே. தமிழ்ல எழுதியிருந்தா ஒரு வேற்றுமை உருபு போட்டிருப்பான், தெளிவா இருந்திருக்கும். ஏட்டி, இதை எழுதுனவன் யாருன்னு சொல்லு, அவனை நாலு கேள்வி கேக்கணும்."

தன் அறையிலிருந்து வந்த நாராயணப்பனுக்கு இதைக் கேட்டு முகம் சுருங்கியது. "என்ன பெரிய விஷயம்? உலகத்துல ஓகேன்னா நல்லது. அமுக்கும்மா."

"சார், எது நல்லதுன்னு இதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் மாதம்மாள்.

பெட்டியை விட்டுவிட்டு வேறு எதையாவது திறந்து பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. எங்கே தட்டினாலும் கம்ப்யூட்டர் 'டங்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. முதலில் பதில் சொல், அப்புறம் பேசலாம் என்பது போல. ஃப்ளாப்பிகளில் எடுத்து வைத்திருந்த நகல்களோ கிரைண்டிங் தூசி தின்று, பாதி படிக்கவே மறுத்தன.

டீ நேரத்தில் விஷயம் ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. எண்ணெய்க் கையோடு ஆட்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூடினார்கள். தமிழில் ஒரு கட்சி, கன்னடத்தில் ஒரு கட்சி, தெலுங்கில் ஒரு கட்சி. ரயில் டிக்கெட் கேன்சல், பால் கார்டு கேன்சல், நிச்சயம் ஆகிக் கேன்சல் ஆன கல்யாணம் என்று ஆளுக்கு ஒரு உதாரணம். நின்றுபோன கல்யாணத்தில் கேன்சல் ஆனது பெண்ணா மாப்பிள்ளையா என்று ஒரு கிளைத் தகராறும் முளைத்தது. கடைசியில் தீர்த்தகிரி ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார்.

"தோழர்களே, ஓட்டுக்கு வுட்டுருவோம். ஓகேன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. பிறகு கேன்சலுக்கும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தன. கேன்டீன் ஜோதியம்மாள் இரண்டுக்கும் தூக்கியிருந்தார். எதற்கு என்று கேட்டால், "ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்குது, ஒண்ணு மனசு நோவக் கூடாதுல்ல?" என்றார்.

மாதம்மாளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துத் திரையின் பக்கம் திரும்பினாள். ஓட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். அமுக்கப்போவது அவள் விரல்.

"சார், எழுதினவரையே கேட்டுறலாம்" என்றாள்.

பெங்களூருக்கு போன் போட்டார்கள். திம்மப்பன் கிடைத்தார். நாராயணப்பன் கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டு, ரிசீவரை மாதம்மாளிடம் தந்தார்.

"தொந்தரே இல்லம்மா" என்றார் திம்மப்பன், கன்னட வாடை வீசும் தமிழில். "ரொம்ப சிம்பிள். ஓகேன்னா ஓகே. கேன்சல்னா கேன்சல்."

"ஓகே அமுக்குனா என்னா ஆவும் சார்?"

"ஓகே அமுக்கினா..." அவர் இழுத்தார். "நீங்க டிக் போட்டது எது? வேண்டியதா, வேண்டாததா?"

"வேண்டியது சார். டிக்குன்னா வேண்டியதுதானே?"

"அய்யோ. டிக்குன்னா அழிக்கிறதம்மா!" பேனாவால் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. "சரி, பரவால்ல. இப்ப கேன்சல்... இல்ல, ஓகே... ஒந்து நிமிஷா. கேன்சல் செய்யவான்னு நான் எழுதியிருக்கேனா? நானா?" காகிதம் புரளும் சத்தம். "எதையும் தொடாதீங்க. நான் பொறப்பட்டு வர்றேன்."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "எழுதினவருக்கே தெரியலீங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாராவது எதையாவது தட்டிவிட்டால்? சரஸ்வதி தன் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை ஒரு மூடியில் போட்டுக் கொடுத்தாள். சாம்பல் பெட்டி அப்படியே நின்றது. வெகு நேரம் பார்த்ததில் அதற்கு ஒரு முகம் இருப்பதாகவே மாதம்மாளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஓகே ஒரு கண், கேன்சல் ஒரு கண்.

சாப்பாடு முடிந்து மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. வெளியே ஜெனரேட்டர் உறுமியது. ஆனால் அதன் கரண்ட் மெஷின்களுக்கு மட்டும்தான். மேஜைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். 'பீப்... பீப்...' என்று கத்தியது. இருட்டறையில் அந்தச் சாம்பல் கேள்வி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று ஓடி வந்தார் நாராயணப்பன்.

"ஒரு டீ ஆத்திக் குடிக்கற நேரம். சூடா இருந்தா" என்றார் தீர்த்தகிரி.

திம்மப்பன் வரவில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் நின்றால் ஸ்கூட்டருக்குக்கூட வழி கிடைக்காது. பீப் சத்தம் நெருக்கமானது.

"அய்யோ ராமா, அது செத்துப்போச்சுன்னா எல்லாமே போயிடும்" என்றார் நாராயணப்பன். "ஓகேதான். நான் சொல்றேன், ஓகே அமுக்கு."

"சார், கேன்சல்" என்றாள் சரஸ்வதி.

"நீ சும்மா இரும்மா! மாதம்மா, தள்ளு!"

அவர் கை எலியை நோக்கி நீண்டது. மாதம்மாளுக்கு ஒரு விஷயம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. அவள் பெஞ்சில் மூன்றாவதாக மஞ்சள் தொட்டி ஒன்று இருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியாத ஸ்பிரிங்கை அதில் போட்டு, தெரிகிற வரைக்கும் அப்படியே வைப்பார்கள். தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? குனிந்து யூ.பி.எஸ்.ஸின் சுவிட்சை ஒரே அமுக்காக அமுக்கி அணைத்தாள்.

திரை 'டப்' என்று கறுத்தது. பீப் நின்றது. நாராயணப்பனின் கை எலியின் மேல் இருந்தது; அமுக்க எதுவும் இல்லை.

"என்னம்மா பண்ணின?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தெரியலீங்க சார். ரெண்டுல எதுன்னு தெரியல. அதான் ரெண்டும் வேண்டாம்னு..." அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "பெஞ்சுக்கே போயிடறேன் சார்."

"இருங்க சார்" என்றார் தீர்த்தகிரி. "லேத்து ஓடறப்ப கரண்டு போனா, பீஸு பாதி வெட்டுனபடி அங்கயேதான் நிக்கும். தானா போயிக் குப்பையில வுழாது. பாப்பம்."

கரண்டும் திம்மப்பனும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். தலையில் ஹெல்மெட் வடு, சட்டை முழுக்க லாரிப் புகை. கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார்கள். அது எடுத்த எடுப்பிலேயே நீலத் திரையைக் காட்டி, என்னை முறைப்படி அணைக்கவில்லையே, சோதித்துப் பார்க்கவா என்று கேட்டது.

"மறுபடி கேள்வியா!" என்று பின்னால் யாரோ அலறினார்கள்.

சோதனை முடிந்து திறந்தபோது மாதம்மாள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். சார்ட்டுகள் இருந்தன. வரைபடங்கள் இருந்தன. அறிக்கைகள் இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்து, இன்னொன்றையும் திறந்து பார்த்து, கடைசியில்தான் மூச்சை விட்டாள். நாராயணப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ தெரிஞ்சுக்கலாம்" என்று திம்மப்பன் தன் புரோகிராமைத் திறந்தார். சீட்டாட்டத்துக்கு மட்டும் டிக் போட்டார். சாம்பல் பெட்டி வந்தது. கேன்சலை அமுக்கினார். சீட்டாட்டம் மறைந்தது.

"நான் சொன்னேன்ல!" என்று துள்ளினார் நாராயணப்பன். "ஓகேதான் சரி!"

திம்மப்பன் அடுத்துச் சிவப்புக் காருக்கு டிக் போட்டு ஓகேயை அமுக்கினார். காரும் மறைந்தது.

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"ரெண்டுமே அழிக்குதா?" என்றாள் சரஸ்வதி.

திம்மப்பன் வழுக்கையைத் தடவினார். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னாரு. அதனால பொட்டி வெச்சேன். பட்டன் ரெண்டு வெச்சேன். கேன்சலுக்கு என்ன பண்ணணும்ங்கறத நாளைக்கு எழுதலாம்னு விட்டேன். அப்புறம்... வேலை ஜாஸ்தி."

தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கா நான் ஓட்டெடுப்பு நடத்துனேன்?"

நாராயணப்பன் எழுந்தார். "திம்மப்பா, நீ டிஸ்க்கைக் காலி பண்றது இருக்கட்டும். முதல்ல என் மாடியைக் காலி பண்ணு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பிறகு மாதம்மாள் பக்கம் திரும்பி, "பெஞ்சுக்கு எல்லாம் போக வேணாம். உக்காரும்மா, அந்தக் கடைசி சார்ட்டைப் போட்டு வெய்" என்றார். சீட்டாட்டமும் காரும் போன இடத்தில் சார்ட் தாராளமாக உட்கார்ந்தது.

கிளம்பும் முன் திம்மப்பன் ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கினார். "எப்படிக் கேட்டிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு சொல்லுங்க. அப்படியே எழுதறேன்."

மாதம்மாள் யோசிக்கவே இல்லை. "தமிழ்ல கேளுங்க சார். 'இத எடுத்துறட்டுமா?'"

"எடுத்து வெக்கறதா, எடுத்துப் போடறதா?" என்றார் தீர்த்தகிரி.

"அட ஆமா. சரி, 'போட்டுறட்டுமா?'"

"உள்ள போடவா, வெளிய போடவா?" என்றாள் சரஸ்வதி.

"'விட்டுறட்டுமா?'"

"இருக்க விடவா, போக விடவா?" என்றார் தீர்த்தகிரி மறுபடி.

மாதம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் வாய் நிறையப் பேசுகிற வார்த்தைகள். பெட்டிக்குள் தனியாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. தான் காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் மேல் அவளுக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது. "கஷ்டம்தான் சார்" என்றாள். திம்மப்பன் முகம் மலர்ந்து, "அல்வா? கஷ்டம்தானே? நான் சொன்னா யாரும் நம்பறதில்லம்மா" என்றார். ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நான்கு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒரு பட்டனில் 'எறி', இன்னொன்றில் 'வை' என்று முடிவானது. எறி என்றால் எறி, வை என்றால் வை. அதில் எந்த வில்லங்கமும் இல்லை என்று சரஸ்வதியே கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னாள். இரண்டு பட்டனும் இரண்டு வேறு வேலை செய்யும் என்று திம்மப்பன் சத்தியம் செய்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

மறுநாள் வந்தவர்கள் சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கேன்டீன் பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சில வாரம் கழித்துப் புது ஃப்ளாப்பி வந்தது. திம்மப்பனிடம் தமிழ் எழுத்து இல்லாததால் இங்கிலீஷ் எழுத்திலேயே 'ERI' என்றும் 'VAI' என்றும் போட்டிருந்தார். மாதம்மாள் உபயோகமில்லாத ஒரு ஃபைலை வைத்து இரண்டையும் சோதித்தாள். எறி எறிந்தது. வை வைத்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே அவள் லீவில் இருந்த ஒரு நாள், நாராயணப்பன் தானே உட்கார்ந்து பழைய ஃபைல்களைக் கூட்டித் தள்ளப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவளிடம் சலித்துக்கொண்டார்.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நேத்துக் காலையிலேந்து அமுக்கறேன், ஒரு ஃபைலும் போகல."

"எத அமுக்குனீங்க சார்?"

"வேற எதை? இதோ இது. வெய்." 'VAI' மேல் விரலை வைத்தார். "எங்க தெலுங்குல வெய்னா போடறது. குப்பையில வெய்னா குப்பையில போடுன்னு அர்த்தம். இந்தப் பக்கம் ஏரின்னு இருக்கு. ஏரின்னா நல்லதாப் பாத்துப் பொறுக்கி எடுக்கறது. வேண்டியதுக்கு ஏரி, வேண்டாததுக்கு வெய். சரியாத்தானே அமுக்கறேன்?"

மாதம்மாள் மேஜைப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"சார்" என்றாள் மெதுவாக, "வேண்டியது எதுக்காச்சும் அந்த ஏரிய அமுக்குனீங்களா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் அமுக்கலாம்னு—"

அவள் பாய்ந்து போய் எலியைப் பிடுங்கிக்கொண்டாள்.